பொருள் மாறுகிறது, மொழியுமா மாற வேண்டும்?

பனிக்கட்டி உருகுகிறது, நீர் ஆவியாகிறது, உப்பு கரைகிறது. விறகு எரிகிறது; இரும்பு துருவேறுகிறது; மாவு புளிக்கிறது. முன்னைய மூன்றிலும் பொருள் அதுவாகவே நிற்க, அதன் நிலையே வேறுபடுகிறது. அஃது இயற்பியல் மாற்றம். பின்னைய மூன்றிலும் ஒரு பொருள் மறைந்து வேறு பொருள் பிறக்கிறது. அது வேதியியல் மாற்றம். உருகுதல் வேறு, எரிதல் வேறு என்பதைத் தமிழ்க் குழந்தை பள்ளிக்கு வருமுன்னரே அடுப்பங்கரையில் அறிந்துகொள்கிறது. அவ்வறிவை ஒழுங்குபடுத்திப் பெயரிடுவது ஒன்றே ஆசிரியர் பணி.

நடப்பதோ வேறு. 'பிசிக்கல் சேஞ்சு', 'கெமிக்கல் சேஞ்சு' எனக் கிளிபோல் ஒப்பிக்கும் பிள்ளையிடம், 'தோசைமாவு புளித்தது எவ்வகை மாற்றம்?' என்று கேளுங்கள், விழிக்கும். மீள்வது முதல்வகை, மீளாதது இரண்டாம் வகை என்றொரு குறுக்குவழியையும் அது நெட்டுருச் செய்து வைத்திருக்கும். அறுத்த மரத்தூள் மீண்டும் மரமாவதில்லை. ஆயினும் அது மரமே அன்றோ? பொருள் விளங்காக் கல்வி இத்தகைய பிழைகளையே ஈனும்.

சுண்ணாம்பை எண்ணிப் பார்க்க. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயிலிட்டு ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டால் கரிவளி நீங்கும். தூய கல்லாயின் 100 எடைக்கு 56 எடையே சுட்ட சுண்ணாம்பாக எஞ்சும். அதன்மேல் நீர் விட்டால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரிவளியை மெல்ல மெல்ல ஏற்று, பழைய கல்லின் பொருளாகவே இறுகும். மூன்றும் வேதியியல் மாற்றங்களே. இறுதியிலோ தொடங்கிய பொருளே மீள்கிறது! எனவே, மீளாமை இலக்கணமன்று. புதுப்பொருள் தோன்றிற்றா என்பதே இலக்கணம். சுடுதல், நீறுதல், இறுகுதல் என இம் மூன்றையும் மூன்று வினைகளால் பிரித்துணர்ந்தவர் ஆங்கிலம் கற்றவரல்லர். காளவாய்த் தொழிலாளரும் கொத்தனாருமே.

அறிவியலுக்குத் தமிழில் சொல் ஏது என்பார் சிலர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் கிறீன் உருவாக்கிய 'கெமிஸ்தம்' 1875-இல் அச்சேறியது. பெயர் கடன்சொல்லே, எனினும் இத்துறையைத் தமிழில் கற்பிக்க இயலும் என்பதை அந்நூல் அன்றே நாட்டிற்று. பின்னர் இரசாயனமும் பௌதிகமும் வந்து புகுந்தன. ஈழத்துப் பாடநூல்களில் அவை இன்றும் நிலவுகின்றன. தமிழகப் பாடநூல்களோ அவற்றை நீக்கி, வேதியியல், இயற்பியல் என்றன. வேதித்தல் என்பது ஒன்றை வேறாக மாற்றுதல். பெயரே பாடத்தைச் சொல்லிவிடுகிறது!

சொல் கிடைத்தது, வகுப்பறை பறிபோகிறது. ஐந்தாம் வகுப்புவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்னும் நோக்கில் 1999-இல் தமிழக அரசு ஆணையிட்டது. 2000-ஆம் ஆண்டிலேயே சென்னை உயர்முறைமன்றம் அதனைத் தள்ளியது. 2012-13 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பெற்றன. ஏழைப் பிள்ளைக்கு எஞ்சியிருந்த தமிழ்வழியும் இவ்வாறு குறுகலாயிற்று.

ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பதை யாரும் தடுக்கவில்லை. உயர்கல்விக்கு அது வேண்டும் எனின், அடித்தளம் உறுதியான பின் அது வரட்டும். 'ஏன்?' என்று கேட்கும் அகவையில் குழந்தையின் வாயை அயன்மொழியால் அடைப்பது கல்வியன்று, கொடுமை.

பெற்றோர் இன்றே ஒன்று செய்க. பிள்ளையை அடுப்பருகே அமர்த்தி, நெய் உருகுவதையும் விறகு கரியாவதையும் காட்டி, 'எதில் பொருளே மாறிற்று?' என்று தமிழில் வினவுக. விடை தமிழில் வரும். அதனோடு அறிவும் வரும். அவ்விடை வகுப்பறையிலும் ஒலிக்கும் நாளே தமிழர் அறிவு பெறும் நாள்!