கம்மாய் ஒன்று, கேட்க வேண்டிய ஆபீஸ் எது?

கேள்வி: ‘‘ஆண்டிபட்டி தாலுகாவில் எனக்கு மூன்று ஏக்கர் செவல் காடு இருக்கிறது. ஒரு ஏக்கரில் மல்லிகை, மீதி முருங்கையும் மானாவாரிச் சோளமும். எங்கள் ஊர்க் கம்மாயில் வண்டல் மேடு தட்டிக் கிடக்கிறது. அள்ளிப் போடலாம் என்றால் ஊரில் ஒருவர் வி.ஏ.ஓ.விடம் கேட்கணும் என்கிறார், ஒருவர் யூனியன் என்கிறார், இன்னொருவர் பி.டபிள்யூ.டி. என்கிறார். கேட்காமல் அள்ளினால் டிராக்டரைப் பிடித்துவிடுவார்கள் என்ற பயமும் இருக்கிறது. மழைக்குள் வேலை முடியணும். யாரிடம் போவது?’’

பதில்: ஊரில் சொன்ன மூன்று பேருமே பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒரே கம்மாய்க்குள் மூன்று துறைகளின் கை இருக்கிறது. நிலம் வருவாய்த் துறையின் கணக்கில் இருக்கிறது. கரை, மடை, கலுங்கு ஆகியவற்றின் பராமரிப்பு இன்னொரு துறையிடம். உள்ளே கிடக்கும் வண்டல் கனிம விதிகளுக்குக் கட்டுப்பட்டது. எந்த வேலைக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கதவு மாறும்.

வண்டலுக்கு இப்போது தட்ட வேண்டிய கதவு தாசில்தார் அலுவலகம். முன்பு மாவட்ட ஆட்சியர் வரை போக வேண்டியிருந்தது. 2024-இல் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில் செய்த திருத்தத்துக்குப் பிறகு, விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கட்டணம் இல்லாமல் வண்டல், களிமண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி கொடுக்கிறார். இ-சேவை இணையதளம் வழியாக விண்ணப்பம் போட வேண்டும். சிட்டா, அடங்கல், ஆதார் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து இ-சேவை மையத்துக்குப் போனால் போதும். நில விவரத்தை வி.ஏ.ஓ. சரிபார்ப்பார் என்பதால், அவரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது வேலையைச் சுருக்கும்.

அளவும் விதியிலேயே இருக்கிறது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர். ஒரு டிராக்டர் லோடு ஏறத்தாழ 3 கன மீட்டர் என்று கணக்கு வைத்தால், புன்செய் ஏக்கருக்கு 30 லோடு. மூன்று ஏக்கர் புன்செய் என்றால் 90 லோடு. கேட்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் 90 கன மீட்டரை ஒரு ஏக்கரில் பரப்பினால் ஓர் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவான கனம்தான் வரும்.

இரண்டு நிபந்தனைகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அந்தக் கம்மாயின் பெயர் வண்டல் எடுக்கத் தகுதியுள்ள நீர்நிலைகளாக மாவட்ட அரசிதழில் வெளியான பட்டியலில் இருக்க வேண்டும். விண்ணப்பம் போடும் முன்பே தாலுகா அலுவலகத்தில் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. நம் கம்மாய் பட்டியலில் இல்லாமல், அடுத்த ஊர்க் கம்மாய் இருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். இரண்டாவது நிபந்தனை அதற்கு இடம் கொடுக்கிறது: விவசாயியின் வீடோ நிலமோ, கம்மாய் இருக்கும் அதே தாலுகாவில் இருந்தால் போதும். அதே கிராமமாக இருக்க வேண்டியதில்லை.

அனுமதிச் சீட்டு கைக்கு வரும் முன் ஒரு லோடுகூட எடுக்கக் கூடாது. சொந்த வயலுக்குத்தான் கொண்டுபோகிறேன் என்று வழியில் சொல்லும் பதில் அங்கே எடுபடாது. டிராக்டர் பிடிபட்டால் மீட்பதற்குள் பருவமே போய்விடும்.

இனி, பி.டபிள்யூ.டி.யா யூனியனா என்ற கேள்வி. தமிழ்நாட்டில் இதற்கு ஓர் எளிய கோடு உண்டு. 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கம்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. நீர்வளத் துறை 2021-இல் பொதுப்பணித் துறையிலிருந்து தனியாகப் பிரிந்தது. ஊர்ப் பேச்சில் இன்னும் பி.டபிள்யூ.டி. கம்மாய்தான், அதனால் ஒன்றும் குற்றமில்லை. ஆனால் மனுவில் ‘நீர்வளத் துறை’ என்று எழுதினால் சரியான மேசைக்கு நேரே போகும்.

ஆண்டிபட்டிப் பக்கம் இந்தக் கோடு குழப்புவதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. கண்டமனூர் வட்டாரம் ஜமீனாக இருந்த பூமி. ஜமீன் காலத்தில் கம்மாய் மராமத்தை ஜமீன்தான் பார்க்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நிலம் ரயத்துவாரிக்கு மாறியது, கம்மாய்கள் அரசிடம் வந்தன. பெரியது ஒரு துறைக்கு, சிறியது இன்னொரு துறைக்கு என்று பிரிந்தது. எந்தக் கம்மாய் எதில் விழுந்தது என்று ஊர்ப் பெரியவர்களுக்கே சில இடங்களில் தெரியாது. சந்தேகம் இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடலாம். ‘இந்தச் சர்வே நம்பரில் உள்ள கண்மாயின் ஆயக்கட்டு எவ்வளவு, பராமரிப்பு யார் பொறுப்பு’ என்ற இரண்டு வரி போதும். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கரை உடைப்பு, மடைப் பலகை, கலுங்குக் கசிவு, தூர்வாருதல் எல்லாம் பராமரிக்கும் துறையிடம். ஆக்கிரமிப்பு என்றால் பாதை வேறு. நீர்வளத் துறைக் கம்மாய்களுக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. மற்ற புறம்போக்குகளுக்கு 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வருவாய்த் துறை நடவடிக்கை எடுக்கும்.

அனுமதி கிடைத்த பிறகு செய்யும் வேலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கம்மாய்க்குள் கிடப்பதெல்லாம் வண்டல் அல்ல. மலையிலிருந்து ஓடை அடித்து வரும்போது கனமான மணலும் சரளையும் வரத்துக்கால் வாய்க்குப் பக்கத்திலேயே படிந்துவிடும். மெல்லிய களியும் மக்கும் தண்ணீரோடு நகர்ந்து, ஆழமான கரைப் பக்கம் போய்த்தான் அமரும். ரோட்டுக்குப் பக்கம், லாரி திரும்ப வசதி என்று வரத்துக்கால் ஓரம் அள்ளினால், செவல் காட்டில் மேலும் மணலைக் கொட்டியதாகத்தான் முடியும். வாடகை கொடுத்துச் செய்யும் வேலை இது. இடம் பார்த்து அள்ள வேண்டும்.

அதற்காகக் கரையின் காலடியிலேயே தோண்டவும் கூடாது. கரை பலவீனமாகும், நிரம்பும் வருஷத்தில் அங்கேதான் கசியும். கரையிலிருந்தும் மடையிலிருந்தும் நன்றாகத் தள்ளி, மேல் படிவத்தைப் பரவலாக எடுப்பதே முறை. ஒரே இடத்தில் குழி பறித்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வாய்க்காலுக்கு ஏறாது. பக்கத்துக் கிணறுகளுக்கு அது நல்லது என்று சொல்பவர்கள் உண்டு, உண்மைதான். ஆனால் அந்தக் குழியில் ஆடு மாடும் பிள்ளைகளும் இறங்குவார்கள் என்பதையும் நினைக்க வேண்டும்.

அள்ளும் முன் நான்கைந்து இடங்களில் மண் எடுத்து, கலந்து, அரைக் கிலோ மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். பார்க்க வேண்டியது கார அமில நிலையும் உப்பின் அளவும். களரோ உவரோ ஏறிய வண்டலை வயலில் கொட்டிவிட்டால் திரும்ப அள்ள முடியாது. வைகை அணையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி, காமாட்சிபுரத்தில் வேளாண் அறிவியல் மையம். மல்லிகை, முருங்கைக்கு எவ்வளவு என்ற சந்தேகத்தை இங்கே கேட்கலாம்.

செவல் மண்ணில் வண்டல் போடுவதன் முதல் பயன் ஈரம் தங்குவது. உரச்சத்து இரண்டாவதுதான். மானாவாரிச் சோளம் கதிர் வாங்கும் நேரத்தில் மழை பத்து நாள் தள்ளிப்போனால், அந்தப் பத்து நாளைத் தாங்குகிற ஈரம்தான் மகசூலைக் காப்பாற்றும். ஏற்கெனவே கரிசலாக இருக்கும் துண்டுக்கு இந்தச் செலவு தேவையில்லை. பரப்பிய பின் கட்டிகள் வெயிலில் காய்ந்து, ஒரு கோடை மழையில் உதிரட்டும். பிறகு தொழு உரத்தோடு சேர்த்து உழலாம். முருங்கை, தென்னை மரங்களின் தண்டை ஒட்டிக் குவிக்கக் கூடாது.

காலக் கணக்கு முக்கியம். ஆண்டிபட்டிப் பக்கம் கம்மாய்க்குத் தண்ணீர் தருவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழை. அதற்குள் சோதனை, விண்ணப்பம், அனுமதி, லோடு அடிப்பு எல்லாம் முடிய வேண்டும். சித்திரையிலேயே மண் மாதிரி கொடுத்துவிடுவது நல்லது. ஆடியில் தொடங்கினால் எல்லாருக்கும் அதே டிராக்டர்தான் வேண்டும், வாடகையும் ஏறிவிடும்.

கேள்வி: ‘‘எங்களுக்குத் தாலுகா ஆண்டிபட்டி. யூனியன் கடமலை-மயிலை. விதை மானியம், பயிர்க் காப்பீடு, பட்டா என்று ஒவ்வொன்றுக்கும் எங்கே போவது என்று குழப்பமாக இருக்கிறது. பிரசிடெண்டும் இப்போது இல்லையே?’’

பதில்: தேனி மாவட்டம் 1996-இல் மதுரையிலிருந்து பிரிந்தது. ஐந்து தாலுகாக்கள், எட்டு ஊராட்சி ஒன்றியங்கள். ஐந்தும் எட்டும் ஒன்றோடொன்று பொருந்தாது என்பதுதான் குழப்பத்தின் வேர். ஆண்டிபட்டி தாலுகாவுக்குள் ஆண்டிபட்டி, கடமலை-மயிலை என்று இரண்டு ஒன்றியங்கள் வருகின்றன. ஆண்டிபட்டி ஊர் தனியே ஒரு பேரூராட்சி.

பட்டா, சிட்டா, அளவை, வாரிசு, சாதி, வருமானச் சான்று எல்லாம் வருவாய்க் கோடு. வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், ஆண்டிபட்டி தாசில்தார், பெரியகுளம் கோட்டாட்சியர், பிறகு ஆட்சியர் என்று அது மேலே போகும். ரோடு, தெருவிளக்கு, குடிநீர், நூறு நாள் வேலை, சிறு கம்மாய் ஆகியவை ஒன்றியத்தின் கோடு. விதை, மானியம் எல்லாம் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர், தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகங்களில். இவை வட்டார அளவில் இயங்குவதால் தாலுகாவைப் பார்க்காமல் ஒன்றியத்தைப் பார்க்க வேண்டும். காப்பீட்டுக்கு வங்கி, கூட்டுறவுச் சங்கம், பொதுச் சேவை மையம் ஏதாவது ஒன்றில் பதிவு செய்யலாம். அடங்கல் மட்டும் வி.ஏ.ஓ.விடம் வாங்க வேண்டும்.

மேலே சொன்ன வண்டல் விதியில் கடமலை-மயிலைக்காரர்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. விதி பார்ப்பது தாலுகாவைத்தான், ஒன்றியத்தை அல்ல. ஆண்டிபட்டி ஒன்றியக் கம்மாய் பட்டியலில் இருந்தால் இவர்களும் கேட்கலாம். லோடு வாடகை கட்டுப்படியாகுமா என்பதுதான் கணக்கு.

2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் பின் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லை என்பதற்காகக் கிராமசபை நின்றுவிடாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். கம்மாய் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

கேள்வி: ‘‘வைகை அணை எங்கள் தாலுகாவில் இருக்கிறது. ஆனால் எங்கள் காட்டுக்கு ஒரு சொட்டுப் பாசனத் தண்ணீர் இல்லை. இது என்ன நியாயம்?’’

பதில்: 1959 ஜனவரி 21-இல் காமராஜர் ஆட்சியில் திறந்த அணை. 71 அடி வரை நீர் தேக்கலாம். அதன் பாசனம் திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்குப் போகிறது. ஆண்டிபட்டிக்கு அது பெரும்பாலும் குடிநீர் கொடுக்கும் அணை. ஆண்டிபட்டி - சேடபட்டி கூட்டுக் குடிநீர்த் திட்டம் அங்கிருந்துதான்.

காரணம் மேடு பள்ளம். இந்த வட்டாரத்து ஓடைகள் எல்லாம் வைகையை நோக்கித்தான் சரிகின்றன. அப்படியென்றால் நிலம் ஆற்றைவிட மேட்டில் இருக்கிறது. வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் தானாக மேடு ஏறாது, மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். அப்படி இறைத்துக் கம்மாய்களை நிரப்புங்கள் என்ற கோரிக்கை தேர்தலுக்குத் தேர்தல் எழுகிறது. எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா என இரண்டு முதல்வர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய தொகுதி என்பதால், இந்த ஆதங்கம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். உசிலம்பட்டிப் பக்கம் போகும் 58 கிராமக் கால்வாய்க்கும் அணையில் 67 அடிக்கு மேல் தண்ணீர் நின்றால்தான் வழி.

மேற்கே கம்பம் பள்ளத்தாக்கின் கதை வேறு. 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணைத் தண்ணீர் மலைச் சுரங்கம் வழியாக இறங்கி, 14,707 ஏக்கர் இருபோக நிலத்தைப் பார்த்துவிட்டுத்தான் வைகைக்கு வருகிறது. தெற்கே வருசநாட்டு மலையில் பிறக்கும் மூல வைகையோ கடமலைக்குண்டு, கண்டமனூர் வழியாக வந்தாலும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கும். ஒரே மாவட்டத்தில் ஒருவர் நாற்று நடும்போது இன்னொருவர் லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பது இதனால்தான்.

இறைவைத் திட்டம் வரும்வரை ஆண்டிபட்டிக்காரருக்குச் சொந்தத் தண்ணீர் என்பது மலையோர ஓடை கொண்டுவரும் மழைதான். அதனால் கம்மாயைத் தூர்வாருவதோடு நிறுத்தாமல் வரத்துக்காலையும் பார்க்க வேண்டும். நில அளவை வரைபடத்தில் ஓடையின் அகலம் மீட்டர் கணக்கில் இருக்கும். நேரில் போய் டேப் பிடித்தால் பாதிகூட இருக்காத இடங்கள் உண்டு. சர்வே நம்பர், வரைபட நகல், இப்போதைய அகலம் ஆகிய மூன்றையும் எழுதி, மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியில் கொடுக்கலாம். அந்த நாளில் கிராமக் கணக்கு அதிகாரியின் மேசை மேலேயே விரித்திருக்கும். தனியாகப் போவதைவிட ஆயக்கட்டுக்காரர்கள் நாலைந்து பேர் கையெழுத்திட்டுப் போவது நல்லது. மனு எண்ணும் தேதியும் போட்ட ரசீதை வாங்காமல் திரும்பக் கூடாது. அடுத்து ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுந்து பேசும்போது முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.