ஒரே சம்பளச் சிட்டை, இரண்டு நீதிமன்றம்

என் சம்பளச் சிட்டையை இரண்டு நீதிமன்றங்களில் வாசித்தார்கள். ஒன்றில், மேலதிக நேரம் என்ற வரியிலிருந்த மணித்தியாலங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, இந்தத் தாய்க்குப் பிள்ளை வளர்க்க நேரமில்லை என்றார்கள். மற்றதில், அதே வரிக்கு நேரே இருந்த ரூபாயை எண்ணிப் பார்த்துவிட்டு, இவளிடம் வசதி இருக்கிறது, பிள்ளைக்குத் தாபரிப்புக் கட்டட்டும் என்றார்கள். நான் கண்விழித்த இரவுகள்தானே ஐயா அந்தக் காசு? காசு வேண்டும், கண்விழித்தது மட்டும் குற்றமா?

மடுல்கெல்லயில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். என் அம்மா முதுகு வளையும்வரை கொழுந்து பறித்தாள். விடியக்காலையில் பெரட்டுக்குப் போகுமுன் என்னைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டுப் போவாள். இடையில் மலையிலிருந்து இறங்கி ஓடிவந்து, மழையில் நனைந்த சேலையோடு பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஏறுவாள். கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான் விழும். நக்கிள்ஸ் மலையடியில் கோப்பிக் காலத்திலிருந்து எங்கள் பெண்கள் பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டுத்தான் மலையேறினார்கள். அன்றைக்கு எந்தத் துரையும், தாய் பக்கத்தில் இல்லையே, பிள்ளை கெட்டுப்போகுமே என்று கவலைப்படவில்லை. கூடை நிறைந்தால் போதும்.

அந்தக் கொழுந்துக் காசில் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். நான் தாதியானேன். கண்டியில் வேலை. பகல் ட்யூட்டி ஆறு மணித்தியாலம், இரவு ட்யூட்டி மாலை 7 மணியிலிருந்து காலை 7 மணிவரை. முடிந்ததும் வத்தேகம, பன்வில வழியாக பஸ்ஸில் தூங்கித் தூங்கி வீடு வந்து சேருவேன். மகளை அம்மா பார்த்துக்கொண்டாள். “அம்மாயி”, “அம்மாயி” என்று அவள் முந்தானையிலேயே கிடக்கும் பிள்ளை.

மகளுக்கு ஆறு வயது. மாதாமாதம் நான் கொண்டுவரும் ட்யூட்டி ரோஸ்டரைச் சுவரில் ஒட்டி, அவளே நிறம் தீட்டுவாள். இரவு என்றால் நீலம், பகல் என்றால் மஞ்சள், லீவு என்றால் சிவப்பில் ஒரு பூ. எந்த நாளில் அம்மா வருவாள் என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தத் தாளைத்தான் பிள்ளையின் தகப்பன் போனில் படமெடுத்தார். அதைத்தான் கட்டுக்காப்பு வழக்கில் எனக்கு எதிராக ஆவணமாக அடையாளமிட்டார்கள். எத்தனை நீலக் கட்டம் பாருங்கள் என்று அவருடைய சட்டத்தரணி விரலால் எண்ணிக் காட்டினார். சிவப்புப் பூக்களை யாரும் எண்ணவில்லை.

பிள்ளையை அவரிடம் கொடுத்தார்கள். அவர் மட்டும் வீட்டில் இருக்கிறவரா? கொழும்பில் வேலை. மாதத்தில் இரண்டு தடவை வருகிறார். இப்போது என் பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் தலைசீவுவதும் அவருடைய அம்மா. இங்கேயும் பாட்டி, அங்கேயும் பாட்டி. அப்பாயி பார்த்தால் குடும்பச் சூழல், அம்மாயி பார்த்தால் தாய் கைவிட்ட பிள்ளை! ஏன் என்று கேட்டால், அங்கே கல்வீடு, இங்கே லயத்துக் காம்பரா என்கிறார்கள். பொருத்தமான இடம் இல்லையாம். அதே காம்பராவில் வளர்ந்தவளிடம்தான் இந்த நாடு தன் நோயாளிகளை இரவிரவாக ஒப்படைக்கிறது.

எங்கள் நாட்டில் பிள்ளையின் கட்டுக்காப்புக்குப் பொதுவாக ரோமன் டச்சுச் சட்டம். அதில் ஆதியில் தகப்பனுக்குத்தான் முன்னுரிமை. பிள்ளையின் நலனே பெரிது என்று பின்னர் நீதிமன்றங்கள் சொல்லிவந்தன என்று என் சட்டத்தரணி விளக்கினார். நல்லது. ஆனால் 1999இன் தாபரிப்புச் சட்டம் வசதியுள்ள பெற்றோர் இருவரிடமும் கேட்கிறது. காசு கேட்கும்போது நான் பெற்றவள். பிள்ளையைக் கேட்கும்போது ட்யூட்டிக்காரி.

இந்த மனசு புதிதல்ல. 2013இல் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால் போகமுடியாது என்றார்கள் அன்று. என் ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் அந்தத் தாளுக்காகக் கிராம சேவகர் வாசலில் நின்றார்கள்! தகப்பன்மாரிடம் அப்படி ஒரு தாளை யாரும் கேட்டதில்லை. அரசாங்க வேலையிலும் பாருங்கள், பிள்ளை பிறந்தால் தாய்க்கு முழுச் சம்பளத்தோடு 84 நாள் லீவு, தகப்பனுக்கு 3 நாள். மூன்று நாளில் தகப்பனின் கடமை முடிந்தது என்று எழுதிவைத்தது யார்?

தூக்கம் வராத பகல்களில் போனில் தேடித் தேடிப் படித்தேன். 1994இல் வாஷிங்டனில், செனட்டில் சட்ட ஆலோசகராக இருந்த ஷாரன் ப்ரோஸ்ட் என்ற அம்மா, வேலையில் மூழ்கிக் கிடக்கிறார் என்று நீதிமன்றம் சொன்னதால் தன் இரண்டு மகன்களை இழந்தார். தீர்ப்பு எழுதியவரும் ஒரு பெண். பின்னர் அதே ப்ரோஸ்ட் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றின் பிரதம நீதிபதியானார். அதே 1994இல் மிச்சிகனில், பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு குழந்தையைப் பகல் பராமரிப்பில் விட்ட இளம் தாயிடமிருந்து பிள்ளையை எடுத்துத் தகப்பனிடம் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தார் ஒரு நீதிபதி. அங்கேயும் பார்த்துக்கொள்ளப் போனவர் தகப்பனின் அம்மாதான். அடுத்த வருஷம் மேன்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. அதைப் படித்த அன்று வார்டிலேயே அழுதேன். எனக்கும் மேன்முறையீடு உண்டு. அதற்கு இன்னும் எத்தனை இரவு ட்யூட்டி செய்யவேண்டும்? அந்த மணித்தியாலங்களையும் எண்ணுவார்கள் அல்லவா?

1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சாசனத்தில் 18ஆம் உறுப்புரை இருக்கிறது. பிள்ளை வளர்ப்பது தாய் தகப்பன் இருவருக்கும் பொதுவான பொறுப்பு, வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பராமரிப்பு வசதி கிடைக்க அரசு வழிசெய்யவேண்டும் என்கிறது. இரவு ட்யூட்டிக்கு வரும் தாதியின் பிள்ளை படுக்க ஒரு கட்டில் எங்கே போட்டிருக்கிறீர்கள்? வசதி செய்யாதவர் குற்றவாளி இல்லை, வசதியில்லாமல் வேலை செய்தவள் குற்றவாளியா?

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிவரை பிள்ளையைப் பார்க்க அனுமதி. போன மாதம் அந்தச் சனிக்கிழமை எனக்கு ட்யூட்டி. மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டார்கள், தாய் வரவில்லை என்று.

இந்த மாத ரோஸ்டர் நேற்றுத்தான் கையில் கிடைத்தது. இரண்டாம் சனிக்கிழமைக்கு முதல்நாள், வெள்ளி நைட். சனி காலை 7 மணிக்கு முடிந்ததும் யூனிஃபார்மோடே பஸ் ஏறுவேன். பையில் ரோஸ்டரும் மூன்று கலர்ப் பென்சிலும் இருக்கும்.