பூட்டு உங்களுடையது, சாவியுமா?

லெனோவோ தலைவர் திரு. யாங் யுவான்சிங் அவர்களுக்கு,

2020 ஜூனில் உங்கள் பணிநிலையக் கணினிகள் அத்தனைக்கும் உபுண்டு, ரெட் ஹேட் லினக்ஸ் சான்று பெறப்போவதாக அறிவித்தீர்கள். அதே ஆண்டு திங்க்பேட் எக்ஸ்1 கார்பனை ஃபெடோரா லினக்ஸுடன் விற்கவும் தொடங்கினீர்கள். பெரிய நிறுவனங்களில் வேறு யார் இவ்வளவு செய்தார்கள் என்று யோசித்தால் கை விரல்களே அதிகம்.

ஆனால் அந்தத் திங்க்பேட்களில் சிம் போட்டு 4ஜி, 5ஜி எடுக்க நினைப்பவர் பாடு வேறு. மோடம் லினக்ஸின் கண்ணில் படுகிறது, சிம்மும் தெரிகிறது. ரேடியோவை இயக்கச் சொன்னால் மட்டும் மோடம் மறுக்கிறது. எல்லாம் எஃப்சிசி பூட்டின் வேலை.

பூட்டுக்குக் காரணம் இருக்கிறது. உடலை ஒட்டி இயங்கும் ரேடியோ எவ்வளவு சக்தியில் அலைகளை அனுப்பலாம் என்று அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி வரம்பு வைக்கிறது. மோடம், ஆன்டெனா, மடிக்கணினி மூன்றையும் சேர்த்துச் சான்று வாங்குகிறீர்கள். உரிய கணினியில்தான் இருக்கிறோம் என்று உறுதியாகும்வரை மோடம் வாய் திறக்கக் கூடாது. இதில் எனக்குச் சண்டை இல்லை. விண்டோஸில் உங்கள் மென்பொருளே சத்தமில்லாமல் திறந்துவிடுகிறது. லினக்ஸுக்கோ மூலநிரல் இல்லாத இருமக் கோப்புகளைத் தந்திருக்கிறீர்கள். எங்களால் அவற்றைத் திருத்த முடியாது, வேறு நுண்செயலிக்கு மாற்ற முடியாது, என்ன செய்கின்றன என்று பார்க்கவும் முடியாது.

இத்தனைக்கும் சில மோடங்களின் பூட்டு ஒரே ஒரு கட்டளையில் திறக்கிறது. அந்தக் கட்டளை ஊரறிந்தது. லினக்ஸில் மோடங்களைக் கையாளும் மோடம்மேனேஜர் முன்பு தானாகவே அதை அனுப்பியது. 1.18.4 பதிப்பிலிருந்து, பயனர் தன் பொறுப்பில் இயக்கினால்தான் உண்டு என்று ஒதுங்கிக்கொண்டது. அதாவது சட்டப் பொறுப்பு, கணினி வாங்கியவர் தலையில்.

மூடிய மோடம் மென்பொருள் எங்கே போய் முடியும் என்பதற்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு. கோனெக்ஸன்ட் நிறுவனத்தின் சாஃப்ட்மோடங்களுக்கு (வேலையைப் பெரும்பாலும் கணினி மென்பொருளிடமே விட்டுவிடும் மோடங்கள்) லினக்ஸன்ட் என்ற நிறுவனம் லினக்ஸ் டிரைவர் விற்றது. இலவசப் பதிப்பின் வேகம் 14.4 கேபிபிஎஸ், 56 கே வேண்டுமென்றால் காசு. டிரைவரின் உரிமத்தை அறிவிக்கும் இடத்தில் "ஜிபிஎல்" என்ற திறந்த உரிமத்தின் பெயரை எழுதி, அடுத்து உரை முடிந்தது என்று குறிக்கும் பூஜ்ய எழுத்தைச் செருகியிருந்தார்கள். லினக்ஸின் கெர்னல் அங்கேயே வாசிப்பை நிறுத்தி, முழுவதும் திறந்த நிரல் என்று நம்பியது. 2004 ஏப்ரலில் அது வெளிப்பட்டது. மூடிய டிரைவர்களுக்குக் கெர்னல் காட்டும் எச்சரிக்கைச் செய்திகள் பயனரைக் குழப்புவதால் அப்படிச் செய்தோம் என்றார்கள். கெர்னல்காரர்கள் அந்த விளக்கத்தை ரசிக்கவில்லை. 2013-ல் கோனெக்ஸன்டே திவால் மனு போட்டது. மூலநிரல் கையில் இல்லாததால், மாறிக்கொண்டே போகும் கெர்னலுக்கு ஏற்ப அந்த டிரைவரைப் பயனர்களால் முழுதாகத் திருத்திக்கொள்ள வழியில்லை.

உங்களிடம் மாற்றுவழி ஏற்கெனவே உண்டு. அனுமதியில்லாத நெட்வொர்க் அட்டையைச் செருகினால் 1802 என்ற பிழையைக் காட்டி, தொடங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்த திங்க்பேட்களைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். தடுக்க, கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் போதுமென்றால் திறக்கவும் அதுவே போதுமே! கணினி எது, ஆன்டெனா எது என்று பயாஸுக்குத் தெரியும். பூட்டை அங்கேயே திறந்துவிட்டால் எந்த இயங்குதளமும் இதில் தலையிட வேண்டியதில்லை, உங்கள் எஃப்சிசி சான்றுக்கும் பங்கம் வராது.

ஏற்கெனவே விற்ற கணினிகளுக்கு அந்த இருமக் கோப்புகளின் மூலநிரலை மோடம்மேனேஜர் குழுவிடம் கொடுத்துவிடுங்கள். மோடம் தயாரிப்பாளரின் ஒப்பந்தம் தடுக்கிறது என்றால், எந்த நிபந்தனை தடுக்கிறது என்பதையாவது வெளியிடுங்கள். அவர்களிடம் நாங்களே கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு லினக்ஸ் பயனர்