அக்கறை இல்லாதவர் யார்?

"பெற்றோருக்கு அக்கறை இல்லை." ஆசிரியர் அறைகளில் இவ்வாக்கியம் ஒலிக்காத நாள் இல்லை. பிள்ளை ஒழுங்காக வராவிட்டாலும், வாசிப்பில் பின்தங்கினாலும், பரீட்சையில் தவறினாலும், இதனைச் சொல்லி எமது பொறுப்பை நாம் கைகழுவி விடுகிறோம். புத்தளக் கரையோரத்திலே கற்பிக்கும் நாம், இக்கூற்றுப் பொய் என்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

சான்று வேண்டுமா? 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பகுதியினர் இம்மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். வீடும் நிலமும் தொழிலும் இழந்து, கிடுகுக் கொட்டில்களில் ஒண்டியிருந்த நிலையிலும் அவர்கள் தம் பிள்ளைகளின் படிப்பைக் கைவிட்டாரல்லர். அவர்களுக்கா அக்கறை இல்லை?

பெற்றோர் கூட்டத்தை நாம் எப்போது வைக்கிறோம்? வேலைநாளில், காலை பத்து மணிக்கு. அவ்வேளையிலே தந்தை கரைவலை இழுத்துக்கொண்டிருப்பார்; தாய் உப்பளத்திலே கூலிக்கு உப்பு வாரிக்கொண்டிருப்பார். ஒருநாட் கூலியை இழந்து வருவோரிடம் நாம் பேசுவதுதான் என்ன? விளையாட்டுப் போட்டிக்கு நிதி, சுவருக்கு வர்ணம், சிரமதானத்துக்கு ஆள்! தனியே அழைப்பு வருமாயின், அது பிள்ளையின் குற்றத்தை விசாரிப்பதற்கே. எழுத்தறியாத தாயின் கையில் முன்னேற்ற அறிக்கையைத் திணித்து ஒப்பம் கேட்கிறோம். அதிலுள்ளதை விளக்க எமக்கு ஐந்து நிமிடம் இல்லை. கைநாட்டு வைத்துவிட்டுத் தலைகுனிந்து போகும் அத்தாய் மறுமுறை வராவிட்டால் குற்றம் யாருடையது?

1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1997 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கின. 2016 இல் அவ்வெல்லை 16 ஆக உயர்ந்தது. பிள்ளையை அனுப்பும் கடமையைச் சட்டம் பெற்றோருக்கு விதித்தது. பாடசாலைக்குள் அவர்களுக்குரிய இடத்தை விதிப்பவர் யார்?

புவியியல் பாடத்திலே பருவக்காற்றைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறோம். வாடை எப்போது எழும், கச்சான் எப்போது கடலைக் குழப்பும் என்பதைத் தோணியிலிருந்தே கற்ற தந்தையோ மதிலுக்கு வெளியே நிற்கிறார். அரை மணி நேரம் அவரை வகுப்புக்கு அழைத்தாலென்ன? தன் தந்தையும் அறிவாளியே என்று கண்ட பிள்ளை, படிப்பைத் தன் வீட்டுக்கு அந்நியமான பொருளாக எண்ணுமா?

"படியாதவர் பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பார்?" என்று சிலர் கேட்பர். கணக்குச் சொல்லிக்கொடுக்க நாம் இருக்கிறோம். "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்டு, பிள்ளை வாசிப்பதை விளக்கடியில் அமர்ந்து செவிமடுத்தாலே போதும். தாய் வளைகுடா நாட்டில் வீட்டுவேலைக்குப் போயிருந்தால் பாட்டி கேட்கட்டும். தன் படிப்புக்கு வீட்டிலே மதிப்புண்டு என உணர்ந்த பிள்ளையை இடைநடுவில் கடலுக்கோ உப்பளத்துக்கோ அனுப்புவது அத்துணை எளிதன்று.

ஒன்று திண்ணம். பெற்றோரின் பங்களிப்பு என்ற பெயரால் அரசின் செலவை ஏழைகளின் தலையிற் சுமத்துவதை நாம் ஏற்கோம். அவர்களிடம் நாம் வேண்டுவது கைப்பணத்தையன்று, கருத்தையும் துணையையுமே.

ஆகவே, ஆசிரிய நண்பர்களே! கூட்டத்தை மாலையில் வைப்போம். கடலுக்குப் போகாத நாளில் வைப்போம். வர இயலாதவரின் வாடிக்கு நாமே செல்வோம். பணத்தைப் பற்றிப் பேசாத கூட்டம் ஒன்றைத் தவணைக்கு ஒரு முறையேனும் நடத்துவோம். அதன் பின்னரும் எவரும் வராவிட்டால், அப்போது பேசுவோம் பெற்றோரின் அக்கறையைப் பற்றி.