வரைபடத்தில் சிறைப்பட்ட நிலம்

புதுக்கோட்டை 2024-ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. உயர்ந்தது எது? தெருவா? சாய்க்கடையா? குடிநீரா? ஓர் அரசாணையால் இவை ஒரே நாளில் உயர்ந்துவிடுவன அல்ல. உயர்ந்தது, சுற்றூர் நிலங்களின்மேல் விழும் கண்களின் எண்ணிக்கை ஒன்றே! நகரோடு தம் ஊராட்சிகளைச் சேர்க்கக் கூடாதென அவ்வூர் மக்கள் தெருவிலிறங்கிக் குரல் கொடுத்தனர். ஊரக வேலையுறுதித் திட்டம் பறிபோகும், வரி ஏறும் என்பன அன்று அவர்கள் சொன்ன கரணியங்கள். அவ்வச்சங்கள் மெய்யானவையே. ஆயின் அவற்றினும் பெரிய ஒன்றை அவர்கட்கு எடுத்துச் சொல்வார் இலர். நகர் விரியுங்கால் ஊருக்குள் முதலில் வருவது சாலையன்று, வரைபடம்.

வரைபடம் தாளில்தானே இருக்கின்றது, தாள் யாரை என்ன செய்யும் என்று எண்ணுவாரும் உளர். ஓர் உழவனின் புன்செய்மேல் ஒரு வண்ணம் தீட்டினால் அது பூங்கா. வேறு வண்ணம் தீட்டினால் பள்ளிக்கூடம். இரண்டு கோடு இழுத்தால் அறுபதடிச் சாலை. பட்டா அவன் பெயரில்தான் இருக்கும். வரியும் அவனே கட்டுவான். ஆனால் அதில் வீடு கட்ட ஒப்புதல் கிடையாது. விற்கப் போனால் வாங்குவார் வரார். வைப்பகத்தில் கடன் கேட்டால் கைவிரிப்பர். அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை, காசும் தரவில்லை. திருடன் கூடப் பொருளை எடுத்துச் சென்றுவிடுவான். இங்கோ பொருள் உடையவன் கையிலேயே இருக்க, அதன் பயன் மட்டும் களவாடப்படுகின்றது!

நில உடையார் என்றதும் மிட்டா மிராசுகளை நினைந்து மூக்கைச் சுளிப்பார் சிலர். புதுக்கோட்டைப் பக்கத்து நில உடையார் யார்? கண்மாய்ப் பாய்ச்சலில் அரை ஏக்கர் நன்செய், வானம் பார்த்த மேட்டில் கடலை விளையும் ஒன்றிரண்டு ஏக்கர் புன்செய், இவ்வளவே சொத்தாகக் கொண்டவர்களே மிகப் பலர். மகளின் திருமணத்திற்கும் மகனின் படிப்பிற்கும் அப்புன்செய்தான் சேமிப்பு. அதை வரைபடம் கட்டிப்போடுமாயின், கட்டுண்பது மண்ணன்று. ஒரு குடும்பத்தின் இருபதாண்டுத் திட்டம்.

நகரமைப்பே வேண்டா என்பதன்று ஈண்டுக் கூறவருவது. கோடு போட்டாற்போன்ற நேரிய தெருக்களுக்குப் பெயர் பெற்றதே புதுக்கோட்டை. 1878 முதல் 1894 வரை அத்தனியரசை நடத்திய அமைச்சர் சேசையா சாத்திரியார் தெருக்களைச் செப்பனிட்டதும் நகர்க்குளங்களைத் தூய்மை செய்ததும் இன்றும் பேசப்படுவன. சாலையும் பூங்காவும் இல்லாத நகர் சந்தையேயன்றி நகரன்று. நகர்க்கு நிலம் வேண்டும், மறுப்பார் யாருமிலர். அதன் விலையை யார் தருவது, எந்நாளில் தருவது என்பதுவே வழக்கு.

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 38-ஆம் பிரிவு என ஒன்றுண்டு. முழுமைத் திட்டத்திலோ விரிவான வளர்ச்சித் திட்டத்திலோ ஒரு நிலம் பொதுப் பயனுக்கென ஒதுக்கப்பட்டால், அதற்கான அறிவிப்பு அரசிதழில் வெளியான நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் அதனைக் கையகப்படுத்தும் விளம்பலோ, உடையவரோடு பேசி முடிக்கும் உடன்பாடோ நிகழ்தல் வேண்டும். இரண்டும் நிகழாவிடின் அந்நிலம் ஒதுக்கீட்டினின்று விடுபட்டதாகவே கொள்ளப்படும். எத்துணைத் தெளிவு! ஆயினும் நடப்பது என்ன? மூன்றாண்டு கழிந்து முப்பதாண்டு ஆனபின்னும், "வரைபடத்தில் சாலை என்றுள்ளது" எனக் கூறி ஒப்புதல் மறுப்பர். கோவையிலும் பிற நகர்களிலும் நில உடையார் உயர்நயன்மன்றத்தின் படியேறி, விடுபட்ட நிலம் விடுபட்டதுதான் என்று தீர்ப்பு வாங்கி வந்தது ஒருமுறை இருமுறை அன்று. சட்டம் தானே தந்துவிட்ட ஒன்றை மீண்டும் வழக்காடிப் பெறவேண்டும் என்றால், சட்டம் எதற்கு? புதுக்கோட்டை உழவன் இதற்கென மதுரைக் கிளைக்குப் பேருந்தேற வேண்டும். வழக்கறிஞர்க்குப் பணம் கட்ட வேண்டும். ஓர் ஏக்கர் புன்செய் வழக்குச் செலவிலேயே அரை ஏக்கராகிவிடும்.

1961-இல் தோன்றிய வீட்டுவசதி வாரியத்தின் கதையும் இதுவே. பல நகர்களில் நிலங்களை எடுக்கப்போவதாக அறிவித்து, முழுதும் எடுக்காமலே பல்லாண்டு போட்டு வைத்தது. அண்மை ஆண்டுகளில் அரசே அத்தகைய நிலங்களை விடுவிக்க முற்பட்டது. விடுவித்தல் நன்றே. முடங்கிக் கிடந்த ஆண்டுகளை விடுவிப்பார் யார்?

இனி, மொழி செய்யும் கேட்டினைக் காண்க. 1894-ஆம் ஆண்டு வெள்ளையர் சட்டத்தின் இடத்தில் 2013-இல் புதிய நிலமெடுப்புச் சட்டம் வந்தது. பழைய சட்டத்தின்கீழ்த் தீர்வம் கூறி ஐந்தாண்டோ அதற்கு மேலோ ஆகியும், நிலம் அரசின் கைக்கு வரவில்லை "அல்லது" இழப்பீடு தரப்படவில்லை என்றால், அந்நடவடிக்கை செத்தது என அதன் 24-ஆம் பிரிவு கூறியது. இரண்டில் ஒன்று நிகழாவிடினும் போதும் என்றே உழவர் படித்தனர். 2014-இல் உச்சநயன்மன்றமும் புனே வழக்கில் உழவர் பக்கமே நின்றது. 2020 மார்ச்சு 6-இல் அதே மன்றத்தின் ஐவர் ஆயம் இந்தூர் வழக்கில், அவ்விடத்து "அல்லது" என்பதை "உம்" என்றே கொள்ளவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. நிலமும் எடுக்கப்படாமல், பணமும் தரப்படாமல் இருந்தால்தான் இனி விடுதலை. ஒன்று நடந்திருந்தாலும் இல்லை! ஒரு சிறு சொல்லின் பொருள் புரண்டது. நாடு முழுதும் எண்ணற்ற உழவரின் நம்பிக்கை அதனோடு புரண்டது. "அல்லது" வேறு, "உம்" வேறு என்பது தமிழ்ப்பள்ளிச் சிறுவனும் அறிந்தது. ஆனால் அச்சொல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, ஆங்கிலத்தில் வழக்காடப்பட்டு, ஆங்கிலத்திலேயே புரட்டப்பட்டது. நிலத்தை இழந்தவன் தன் தீர்ப்பைத் தானே படிக்க இயலான். உயர்நயன்மன்றத்தில் தமிழ் வேண்டுமெனச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் இயற்றியும் தில்லி இசையவில்லை.

தில்லியை மட்டும் குறைசொல்லி அமைதல் முறையன்று. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உழவர்க்குச் சில காப்புகளைத் தந்தபோது, நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலமெடுக்கும் தன் சட்டங்களை அக்காப்புகளுக்கு வெளியே நிறுத்திக்கொண்டது தமிழ்நாட்டு அரசு. 2019-இல் உயர்நயன்மன்றம் அதனைச் செல்லாது என்றதும், அதே ஆண்டில் புதுச்சட்டம் இயற்றி உயிர்ப்பித்தது. 2021-இல் உச்சநயன்மன்றமும் ஏற்றது. இழப்பீட்டின் அளவு புதிய சட்டப்படியே வரும். ஆனால் எடுப்பதற்குமுன் மக்கள் வாழ்வின்மேல் என்ன விளைவு நேரும் என ஆராயும் கடமை போயிற்று. மாநில உரிமை என்று முழங்குவோர், கையிலிருந்த உரிமையைத் தம் மண்ணின் உழவனுக்கு எதிராகவே வீசிய காட்சி இது!

பணம் தராமல் மனை தருவோம் என்பது புதிய வழி. நிலங்களை ஒன்றாகத் தொகுத்து, சாலையும் பூங்காவும் அமைத்து, எஞ்சியதை மனைகளாக உடையவர்க்கே திருப்பித் தருவது. தமிழ்நாட்டிலும் இதற்கு விதிகள் ஆக்கப்பட்டுள்ளன. இதன் பெரும் ஆய்வுக்களம் ஆந்திரத்து அமராவதி. அங்கு 2015 முதல் ஏறத்தாழ 33,000 ஏக்கரை உழவர் தாமே ஒப்படைத்தனர். ஓர் ஏக்கர் புன்செய் தந்தவர்க்கு 1,000 சதுர கெசம் வீட்டு மனை, 250 சதுர கெசம் கடை மனை என்பது பேச்சு. கூட்டினால் ஏறத்தாழ 26 சென்ட். எஞ்சியதன் விலையை நகரின் வளர்ச்சி ஈடுகட்டும் என்றனர். 2019-இல் ஆட்சி மாறிற்று. மூன்று தலைநகர் என்றார் புதிய முதலமைச்சர். மனையும் நின்றது, வளர்ச்சியும் நின்றது. நிலம் தந்தவர் ஆண்டுக்கணக்கில் போராடினர். மனைகளைச் செப்பனிட்டு ஒப்படைக்குமாறு 2022 மார்ச்சில் அம்மாநில உயர்நயன்மன்றம் ஆணையிட்டது. அதில் குறித்த காலவரம்பை அவ்வாண்டே உச்சநயன்மன்றம் நிறுத்தி வைத்தது. 2024-இல் மீண்டும் ஆட்சி மாறியபின்னரே பணி தொடர்ந்தது. உழவன் கொடுத்த நிலம் உறுதி. அவனுக்குத் தந்த சொல்லோ தேர்தலுக்குத் தேர்தல் மாறுவது!

நிலத்தின் சொல்லைக் கல்லில் வெட்டி வைத்த நாடு புதுக்கோட்டை. அத்தனியரசு தன் எல்லைக்குட்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகளைத் தொகுத்து 1929-இல் நூலாக்கியது. அவற்றுள் நிலவிற்பனை கூறுவனவற்றை நோக்கின், விற்றவர் இன்னார், கொண்டவர் இன்னார், விலை இவ்வளவு, நாற்பால் எல்லை இவை, இறை கட்டுவார் இவர் என யாவும் தமிழில், ஊரார் நடமாடும் கோயிற் சுவரில் காணப்படும். அக்காலம் பொற்காலமன்று, உழுதவனுக்கு அன்றும் நிலம் சொந்தமில்லை. ஆயினும் நிலத்தைப் பற்றிய முடிவு, படிக்க முடியாத மொழியில், பார்க்க முடியாத இடத்தில் மறைத்து வைக்கப்படவில்லை. இன்றோ நாளிதழின் மூலையில் எறும்பூர்வது போலப் புல எண்கள் ஊர்ந்து செல்லும். அவற்றுள் தன் எண் எது என்று கண்டறிவதற்குள் நாள் கடந்துவிடும்.

ஆகவே புதுக்கோட்டைக்கு வரவிருக்கும் எத்திட்டத்தின் வரைவும் கவிநாட்டிலும் முள்ளூரிலும் திருவேங்கைவாசலிலும் ஊர்ப்பொதுவிடத்தில் தமிழில் ஒட்டப்படல் வேண்டும். புல எண்ணோடு உடையவர் பெயரும் இருத்தல் வேண்டும். கண்மாயும் கலிங்கலும் வரத்துவாரியும் அவ்வரைபடத்தில் தம் பெயரோடு நிற்றல் வேண்டும். வாரியின் குறுக்கே மனைக்கல் நடப்பட்டால் கீழுள்ள நன்செய் அத்தனையும் பாழ். மூன்றாண்டு கடந்த நிலத்திற்கு விடுவிப்புச் சான்று, கேளாமலே வீடு தேடி வருதல் வேண்டும். மனைகள் தருவதாயின், இன்ன இடத்து மனை இன்னார்க்கு என்பது நிலத்தை வாங்குமுன் ஆவணமாகப் பதிவாதல் வேண்டும். குத்தகைக்கு உழுவாரையும் கூலிக்கு நடுவாரையும் அவ்வாவணம் மறந்துவிடலாகாது. நிலம் மனையாகும் நாளில் முதலில் பிழைப்பிழப்பவர் அவர்களே.

இவற்றை ஆட்சியாளர் தாமே செய்வர் எனக் காத்திருத்தல் மடமை. வரைவுத் திட்டம் வெளியானதும் மறுப்புரை எழுத இரண்டு திங்களுக்குக் குறையாத காலம் தரவேண்டும் என்பது சட்டம். அம்மறுப்புரையைத் தமிழிலேயே எழுதலாம். 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கி எழுபதாண்டாகின்றது. புல எண், பரப்பு, விளைச்சல், கிணறு, அருகிலுள்ள வாரி ஆகியவற்றைக் குறித்து, ஒப்புகை பெறும் வகையில் அஞ்சலில் ஒவ்வொருவரும் தனித்தனியே விடுத்தல் நன்று. அறிவிப்பு அரசிதழில் வெளியான நாளை வீட்டுச் சுவரில் எழுதி வைத்தல் வேண்டும். மூன்றாண்டு எண்ணப்படுவது அந்நாளிலிருந்தே.