முதுமைக்கும் ஒரு முகவரி

கொழும்புப் புறநகரில் எங்கள் வீதியிலுள்ள வெற்று வளவொன்றில் முதியோர் இல்லம் அமைக்க அனுமதி கேட்டிருக்கிறார்கள். குடியிருப்பு வலயம் என்பதால் விசேட அனுமதி தேவையாம். அதற்கெதிரான மனுவொன்று கையொப்பத்துக்காக எங்கள் வீட்டுக்கும் வந்தது.

வாகன நெரிசல் கூடும், காணி விலை குறையும் என்பன அதிலுள்ள காரணங்கள். முதலாவது நியாயமானது. வாகனத் தரிப்பிடம், வடிகால், அம்புலன்ஸ் வந்து திரும்ப வழி ஆகியவற்றை நிபந்தனைகளாக்கலாம். ஆனால், முதியவர்கள் அயலில் இருந்தால் காணி விலை குறையும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

"பெற்றோரை இல்லத்தில் விடுவது நம் மார்க்கமா?" என்று வாப்பா கேட்டார். இல்லைதான். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கலாகாது என்கிறது. ஆனால், பிள்ளைகளே இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையரில் 12 வீதத்துக்கு மேற்பட்டோர் 60 வயதை எட்டியிருந்தனர்.

இல்லத்தை ஊருக்கு வெளியே தள்ளினால் யார் போய்ப் பார்ப்பார்கள்? இங்கே இருந்தால் பாங்கோசை கேட்கும். நோன்புக் கஞ்சி சூடாறாமல் போய்ச் சேரும். பாடசாலை விட்டு வரும் நாங்கள் ஸலாம் சொல்லிச் செல்லலாம்.

மனுவை வாசித்துக் காட்டியதும் வாப்பும்மா மெதுவாகக் கேட்டார்: "அப்ப, என்னாலயும் இந்த வளவுட விலை குறைஞ்சிட்டா, புள்ள?"

மனு இன்னும் ஒப்பமில்லாமல் மேசையில் கிடக்கிறது. அனுமதி வழங்குவோரிடம் நான் கேட்பது இதுதான்: நிபந்தனைகளைக் கடுமையாக்குங்கள், இடத்தை மறுக்காதீர்கள்.