ஏ9 வீதியில் போடாத பாட்டு

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ்ஸில் போகும்போதெல்லாம் என்ன பாட்டுப் போடுகிறார்கள் என்று கவனிப்பது என் பழக்கம். மதவாச்சி வரை சிங்களப் பாட்டும் கலந்து வரும். வவுனியா தாண்டினால் இளையராஜாதான். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தி, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கி ஏறினால் மறுபடியும் இளையராஜா. சாரதிக்கு நித்திரை வராமலிருக்க என்பார் நடத்துனர்.

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் இந்த வீதி 321 கிலோமீற்றர். போரில் அடைபட்டிருந்த வீதி 2002 போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் திறந்தது. 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. அந்த இடைக்காலத்தில் எனக்குப் பள்ளிக்கூட வயது. ஓமந்தையில் இறங்கிப் பொதிகளைச் சோதனைக்குக் காட்டி அந்தப் பக்கம் போனால் வேறு பாட்டு. எஸ்.ஜி. சாந்தனின் குரல், புதுவை இரத்தினதுரையின் வரிகள். அறிவிப்புப் பலகையைப் பார்க்காமலே யாருடைய ஆட்சிக்குள் நிற்கிறோம் என்று காது சொல்லிவிடும். இதை வெறும் ஏக்கமாக எழுத எனக்கு விருப்பமில்லை. அதே பாட்டுகள்தான் ஆட்சேர்ப்புக்கும் ஒலித்தன. பிள்ளையைப் பறிகொடுத்த எல்லாத் தாய்மாரும் அவற்றை ஒரே மாதிரிக் கேட்கவில்லை.

2010இல் தெற்கிலிருந்து நயினாதீவு விகாரைக்கு வந்த பஸ்கள் ரபானும் பைலாவுமாக வந்தன. கூரையில்லாத வீடுகளைத் தாண்டி, கைதட்டிக்கொண்டு. பாடியவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பயணம் போனால் அவர்கள் பாடித்தான் போவார்கள். ஆனால் வீதியோரத் தறப்பாள் கொட்டிலில் இருந்தவர்களுக்கு அன்று பாடவும் வாயில்லை, சத்தமாக அழவும் வாயில்லை.

புதுவை இரத்தினதுரை 2009 மே மாதத்துக்குப் பின் காணாமல் ஆக்கப்பட்டோர் வரிசையில். சாந்தன் 2017இல் காலமானார். பாடல்கள் யூடியூப்பில் கிடக்கின்றன. பஸ்ஸில் மட்டும் யாரும் போடுவதில்லை. சமூக ஊடகப் பதிவுக்காகவே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இளைஞர்கள் உள்ளே போன நாட்டில், எந்தச் சாரதி தன் பென் டிரைவில் அதை ஏற்றுவார்? அந்தச் சட்டத்தை நீக்குவோம் என்று 2024 தேர்தலில் சொன்னவர்கள்தான் பின்னர் ஆட்சிக்கு வந்தார்கள்.

கடைசியாகப் போனபோது பக்கத்து இருக்கைக்காரர் கிளிநொச்சியில் இயர்போனை மாட்டினார். கசிந்த மெட்டு எனக்கும் தெரிந்த மெட்டு. ஆனையிறவு இராணுவ முகாமடியில் பஸ் வேகம் குறைந்தது. அவர் சத்தத்தைக் குறைத்து, போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.